தூண்ல இருந்து கச்சரை ஏன் எடுத்தீங்க? நினைவுத்தூண் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

தலைவர் சாப், செயலாளர் அண்ணே, நினைவுத்தூண் கமிட்டில இருக்கிற மத்த பெரியவங்க எல்லாருக்கும்,

போன ஞாயித்துக்கிழமை மீட்டிங்குக்கு நான் வரல, ஓசூர்ல பொண்ணு வீட்டுக்குப் போயிருந்தேன். வந்து பாத்தா குரூப்ல நம்ம ஊர் படைவீரர் நினைவுத்தூணோட புது டிராயிங் கெடக்கு. ரெண்டு விரலால இழுத்து இழுத்துப் பெருசாக்கிப் பாத்தேன். துப்பாக்கி இருக்கு, ஹெல்மெட் இருக்கு, டேங்க் ஒண்ணு புதுசா வந்திருக்கு (நம்ம ஊர்ல இருந்து டேங்க் ரெஜிமென்ட்டுக்குப் போனவங்க யாருன்னு எனக்கு ஞாபகம் வரல, இருந்தா மன்னிச்சுக்கங்க), பீடத்தோட வடக்கு மூலையில ஒரு அடி உயரத்துக்கு இருந்த கச்சரை (கோவேறு கழுதை) மட்டும் காணோம். அது இருந்த இடத்துல பூ டிசைன் போட்டிருக்கீங்க.

ஏன்னு ரெண்டு பேருக்கு போன் போட்டுக் கேட்டேன். ஒருத்தர் பட்ஜெட்டுன்னார். இன்னொருத்தர் உள்ளதைச் சொல்லிட்டார், "கழுதைக்கெல்லாம் சிலை வெச்சா சுத்துப்பட்டு ஊரெல்லாம் சிரிக்கும்"னு மீட்டிங்குல ஒருத்தர் சொன்னாராம், எல்லாரும் சிரிச்சீங்களாம், அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுதாம். யார் சொன்னதுன்னும் தெரியும், அதை இங்க எழுத மாட்டேன். குரூப்லயே பதில் போடலாம்னு பாத்தேன், அங்க நான் ரெண்டு வரி டைப் பண்றதுக்குள்ள பத்து குட்மார்னிங் படம் வந்துடுது, அதனால பொதுவுல எழுதறேன், ஊர்ல எல்லாரும் படிக்கட்டும்.

மொதல்ல ஒண்ணு. அது கழுதை இல்ல. அப்பன் கழுதை, ஆத்தா குதிரை, ரெண்டுக்கும் பொறந்தது. நம்ம தமிழ்ல கோவேறு கழுதைன்னு பேர் வெச்சதால வந்த வெனை இது, "கழுதை"ன்னு காதுல விழுந்ததும் ஜனங்களுக்கு துணி மூட்டைதான் கண்ணுக்குத் தெரியுது. ஆர்மில கச்சர்தான். அதுக்குக் குட்டி பொறக்காது, பரம்பரை கெடையாது, ஒவ்வொண்ணும் தன்னோட முடிஞ்சுடும். அதனாலதான் கேக்கறேன், அதுக்காக நாளைக்கு வந்து கேக்கறதுக்கு ஒரு வாரிசு கூட இல்ல, கூட நடந்தவன் நாங்கதான் கேக்கணும்.

நான் யாருன்னு உங்களுக்குத் தெரியும், ஆனா என்ன வேலை பாத்தேன்னு பாதி பேருக்குத் தெரியாதுன்னு இப்பத்தான் புரியுது. ஆர்மி சர்வீஸ் கோர், ஏ.டி., அதாவது அனிமல் டிரான்ஸ்போர்ட். 1988-ல சேந்தேன், 2006-ல வந்தேன். என் டிரேடு பேரு டிரைவர். பொண்ணு பாக்கப் போனப்ப மாமனார் கேட்டார், "மாப்ள என்ன வண்டி ஓட்றீங்க, சக்திமான் லாரியா?"ன்னு. நாலு கால் வண்டின்னு சொன்னேன், ஜோக்குன்னு நெனச்சுச் சிரிச்சுட்டார், கல்யாணம் முடிஞ்சு நான் போட்டோ காட்டுறவரைக்கும் அவருக்குத் தெரியாது. எனக்கு லைசென்ஸே கெடையாது, இன்னிக்கும் டிவிஎஸ் எக்ஸல்தான்.

என் பொறுப்புல ரெண்டு கச்சர். அதுல ஒண்ணு நல்லா கருப்பு கலந்த பழுப்பு, உத்தராகண்ட்ல ஹெம்பூர் டிப்போல இருந்து வந்தது, முன்னங்கால் குளம்புல நம்பர் சுட்டிருப்பாங்க, அந்த நம்பர்ல கடைசி மூணு 417, மிச்சம் மறந்துபோச்சு, அது எனக்கே அசிங்கமா இருக்கு. முனியம்மான்னு நான் பேர் வெச்சேன், எங்க பெரியம்மா மாதிரியே பின்னாடி யாராவது நின்னா ஒதைக்கும். கம்பெனில கடுவாலி (கட்வால் மலைப்பக்கம்) பசங்களுக்கு வாய்ல வராம மோனியம்மா, மோனியம்மான்னு கூப்பிடுவாங்க. அதுக்கும் அது திரும்பிப் பாக்கும்.

காலையில எழுந்ததும் நம்ம பல்லு வெளக்குறதுக்கு முன்னாடி அதுக்கு மாலிஷ், கரேரா (தேய்க்கிற பிரஷ்) போட்டு ஒடம்பு பூரா தேய்க்கணும், குளம்புல மாட்டின கல்லை எடுக்கணும், லாடம் ஆடுதான்னு பாக்கணும், தானா (தானியம்), பூசா (வைக்கோல்), தண்ணி. தண்ணிய அது குடிச்சப்புறம்தான் நீ டீ குடிக்கணும், அதான் ரூல், எழுதாத ரூல். மலைப்பாதையில அது முன்னங்கால் வெச்ச அதே இடத்துலதான் பின்னங்காலும் வைக்கும், ஒரு முழம் அகலம் இருந்தா போதும், அந்தப் பக்கம் பாத்தா ஆறு ஒரு நூல் மாதிரி தெரியும். இருட்டுல அது வாலைப் புடிச்சுக்கிட்டு நடந்திருக்கேன், ஒதைக்கிற முனியம்மா ராத்திரியில மட்டும் ஒதைக்காது.

1999 ஜூன், ஜூலை. கார்கில் பத்தி நீங்க பேசறப்பல்லாம் போஃபர்ஸ், மிக், டோலோலிங், டைகர் ஹில்னு பேசறீங்க, அதெல்லாம் பேச வேண்டியதுதான், நான் குறைச்சுச் சொல்லல. ஆனா டிராஸ் பக்கம் ரோடு முழுக்க மேல ஒக்காந்திருந்த பாகிஸ்தான்காரன் கண்ணுக்குத் தெரியும், பகல்ல எது அசைஞ்சாலும் ஷெல் விழும். லாரி ஒரு எடத்துக்கு மேல வராது. அந்த ஒசரத்துல ஹெலிகாப்டர் தூக்குற வெயிட்டும் கம்மி, எல்லா இடத்துலயும் இறங்கவும் முடியாது. மேல சண்டை போடுறவனுக்கு குண்டு வேணும், மண்ணெண்ணெய் வேணும், எல்லாத்துக்கும் மேல தண்ணி வேணும், ஐஸு உருக்கிக் குடிக்கலாம்னா அதுல ஷெல்லு மருந்து கலந்து கெடக்கு. அதைக் கொண்டு போனது நாங்க. கச்சர் போற வரைக்கும் கச்சர், அதுக்கு மேல செங்குத்தா இருந்தா மனுஷன் முதுகுல. ஒரு கச்சருக்கு நாலு ஜெரிக்கேன், ஒண்ணு 20 லிட்டர், கணக்கு நீங்களே போட்டுக்கங்க. சங்கிலி சத்தம் கேக்கக் கூடாதுன்னு துணி சுத்திடுவோம். பீடி கெடையாது, டார்ச் கெடையாது.

ஒரு ராத்திரி அது நடக்க மாட்டேன்னு நின்னுடுச்சு. இழுத்தேன், தள்ளினேன், கடைசில அடிச்சுட்டேன், ரெண்டு மூணு அடி, கோவத்துல. அப்புறம் மெதுவா நடந்து வந்துச்சு. விடிஞ்சு சேடிலை இறக்குறேன், வயித்துப் பட்டை இருந்த எடத்துல தோல் உரிஞ்சு சதை தெரியுது, ஒரு பக்கம் லோடு ஏறுமாறா கட்டியிருக்கேன், அவசரத்துல கட்டினது நான்தான். சுபேதார் சாப் பாத்துட்டு என்னைத் திட்டல, திட்டியிருந்தா தேவல, "அது வாயால சொல்லாது, நீதான் பாத்திருக்கணும்"னு மட்டும் சொன்னார். இந்த லெட்டரை எழுதறதுக்கு அந்த ஒரு வரியும் ஒரு காரணம்.

டைகர் ஹில் ஜூலை 4 நம்ம கைக்கு வந்துச்சு. அதுக்கு ரெண்டு நாளோ மூணு நாளோ கழிச்சு, ஷெல்லிங் நின்னபாடில்ல, லைன்ல எனக்கு முன்னாடி நாலு கச்சர், பின்னாடி ஏழு. பக்கத்துல விழுந்துச்சு. என் காது அடைச்சுப்போச்சு, தலையைத் தூக்கிப் பாத்தா முனியம்மா கீழ கெடக்கு, லோடு அடியில மாட்டிக்கிட்டதால எழுந்திருக்க முடியல, பின்னங்கால் ரெண்டும் இழுத்துக்குது. கயித்தை அறுத்தேன். ரெண்டு ஜெரிக்கேன் ஓட்டையாகி தண்ணி ஓடிட்டு இருக்கு. எங்க ஹவில்தார் ஓடி வந்து சொன்ன மொத வார்த்தை, "நல்லா இருக்கிற ரெண்டு ஜெரிக்கேனையும் எடுத்து உன் இன்னொரு கச்சர்ல ஏத்து, நட". ஏத்தினேன். நடந்தேன். அது தப்புன்னு நான் இன்னிக்கும் சொல்ல மாட்டேன், மேல பசங்க தண்ணி இல்லாம இருந்தாங்க. திரும்பி வர்றப்ப நாலு மணி இருக்கும், லேசா வெளுக்குது, அது இன்னும் கழுத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு லைன் போன பக்கமே பாத்துக்கிட்டு இருந்துச்சு. ஹவில்தார் என்னை அந்தாண்ட திரும்பி நிக்கச் சொன்னார்.

ரெண்டு நாள் கழிச்சு ஒரு பாரத்துல கையெழுத்துப் போட்டேன். கச்சர் 1, பேக் சேடில் 1, ஜெரிக்கேன் 2. அவ்வளவுதான். கிளார்க் மேல குத்தம் சொல்லல, அவருக்கு பாரம் அப்படித்தான் இருக்கு, எதை எதை இழந்தோமோ அதை வரிசையா எழுதணும்.

நம்ம ஜில்லால சில ஊர்ல வெள்ளைக்காரன் வெச்ச கல்லு இருக்கே, 1914-லேர்ந்து 1919 வரைக்கும் நடந்த போருக்கு இந்த ஊர்ல இருந்து இத்தனை பேர் போனாங்க, இத்தனை பேர் உயிர் விட்டாங்கன்னு. பேர் கெடையாது, வெறும் எண்ணிக்கை. "எங்க தாத்தன் ஒரு நம்பரா?"ன்னு போன வருஷம் தலைவர் சாப் மைக்குல கேட்டீங்க, நான் கை தட்டினேன். அதனாலதான் நம்ம தூண்ல எல்லார் பேரும் வரணும்னு முடிவு பண்ணோம். சரியான முடிவு. அதே வாயால இதுக்குச் சிரிச்சீங்கன்னா எப்படி?

இதெல்லாம் உன் சொந்தக் கதைடான்னு சொல்வீங்க. சரி, ஊரறிஞ்ச கதையைச் சொல்றேன். பெடோங்கின்னு ஒரு கச்சர், குளம்பு நம்பர் 15328. 1962-ல சர்வீஸ்ல சேந்தது. 1971 சண்டையில பாகிஸ்தான்காரன் கைல மாட்டி, அவன் அது முதுகுலயே மெஷின் கன்னையும் குண்டுப் பெட்டியையும் ஏத்தி வெச்சிருக்கான், அது அவன் கண்ணுல மண்ணைத் தூவிட்டு மலையைத் தாண்டி நம்ம பக்கமே வந்து சேந்துடுச்சு, அவன் மெஷின் கன்னோட. வயசான காலத்துல அதை வேலையை விட்டு எடுத்து, நீல வெல்வெட் போத்தி மரியாதை பண்ணாங்க, 1998-ல பரேலில செத்துச்சு, டெல்லில ஆபீசர்ஸ் மெஸ்ல ஒரு ஹாலுக்கு அது பேரு வெச்சிருக்காங்க. ஆபீசர் மெஸ்ல கச்சர் பேரு இருக்கலாம், நம்ம பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு அடி கல்லுல இருந்தா ஊர் சிரிக்குமாம்.

1939 டிசம்பர்ல பாம்பேல இருந்து கப்பல்ல நாலு கம்பெனி கச்சரை பிரான்ஸுக்கு ஏத்தினாங்க, கிட்டத்தட்ட 2,000 உருப்படி. ஏன் தெரியுமா, பிரிட்டிஷ் ஆர்மி எங்களுக்கு இனிமே மிருகமே வேணாம், எல்லாம் மோட்டார்னு மாறிட்டாங்க, சேத்துலயும் ஐஸுலயும் லாரி போகாதுன்னு தெரிஞ்சப்ப இந்தியால இருந்து கச்சர் கேட்டாங்க. அடுத்த மே மாசம் பிரான்ஸ்ல டன்கர்க் கடற்கரையில இருந்து ஆளுங்களைக் கப்பல்ல ஏத்தினாங்க, எங்க ஏ.டி. ஆளுங்களும் ஏறினாங்க, ஒரு கம்பெனி மட்டும் ஜெர்மன்காரன் கிட்ட மாட்டிக்கிச்சு. கச்சருங்க அத்தனையும் அங்கயே. அந்தக் கயித்தை விட்டுட்டு படகு ஏறின டிரைவரை நெனச்சா எனக்கு ராத்திரி தூக்கம் வராது, எவ்வளவோ பரவால்ல, நான் திரும்பியாவது வந்து பாத்தேன்.

பர்மால 1944-ல எதிரி லைனுக்குப் பின்னாடி காட்டுல இறங்குன பிரிட்டிஷ் சிறப்புப் படையான சிண்டிட் படைக்கு ஆயிரத்துக்கும் மேல கச்சரை ராத்திரியோட ராத்திரியா பிளேன்ல கொண்டுபோய் இறக்கினாங்க. அதுங்க கத்துனா ஜப்பான்காரனுக்குத் தெரிஞ்சுடும்னு தொண்டையில ஆபரேஷன் பண்ணி சத்தத்தையே எடுத்துட்டாங்க. நம்ம மெட்ராஸ் ஆளுங்க எத்தனை பேர் பர்மா காட்டுல கெடந்தாங்கன்னு நம்ம ஊர்ப் பெரியவங்க சொல்லிக் கேட்டிருக்கோம். சத்தம் போடக்கூட வழியில்லாம அவங்களோட நடந்ததுங்க இதுங்க.

டெல்லில தீன் மூர்த்தி தெரியுமில்ல. 1918 செப்டம்பர் 23, இப்ப இஸ்ரேல்ல இருக்கிற ஹைஃபா ஊரைப் புடிச்ச ஜோத்பூர், மைசூர் குதிரைப்படையும், கூட அந்தப் படையணில இருந்த ஹைதராபாத் குதிரைப்படையும், அவங்க நினைவா வெச்சது. மெஷின் கன்னுக்கு எதுர குதிரையில பாஞ்சாங்க, நம்ம பக்கம் செத்தவங்க 8 பேர், செத்த குதிரை 60. போய்ப் பாத்தா மூணு சிப்பாய் ஈட்டியோட நிக்கிறாங்க, குதிரையே இல்ல. குதிரைப்படை நினைவுச்சின்னம், குதிரை இல்லாம! நான் லீவுல போறப்ப சுத்திச் சுத்தி வந்து பாத்தேன், பின்னாடி எங்கியாவது இருக்கும்னு. வெளிநாட்டுல வெச்சிருக்கான், லண்டன்ல ஹைட் பார்க் ஓரமா 2004-ல போர் மிருகங்களுக்குன்னே கட்டினதுல முன்னாடி வர்றதே சுமை ஏத்தின ரெண்டு கச்சர்தான், "அவைகளுக்கு வேறு வழி இருக்கவில்லை"ன்னு எழுதியிருக்கான். முதல் உலகப் போர்ல துருக்கிப் பக்கம் நடந்த கல்லிப்போலி சண்டையில அடிபட்டவனைத் தூக்கிட்டு வந்த சிம்சனோட சேத்து ஆஸ்திரேலியால கழுதைக்கே சிலை. நெஜக் கழுதைக்கு. அந்த நாட்டுக்காரன் எவனும் சிரிக்கல, ஸ்கூல் புள்ளைங்களைக் கூட்டிட்டு வந்து காட்டுறான்.

ஆனா லண்டன் வரைக்கும் நாம ஏன் போகணும்? நம்ம பக்கத்து ஜில்லா, திருவண்ணாமலை, சாத்தனூர் டேம் பக்கம் எடுத்தனூர்னு ஒரு ஊர். அங்க ஒரு நடுகல் இருக்கு, மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல்லு, அவன் பட்டத்துக்கு வந்த 34-வது வருஷம்னு அதுலயே எழுதியிருக்கு, 1,400 வருஷம்னு வெச்சுக்கங்க. கருந்தேவகத்தின்னு ஒரு வீரன் எருமைக்காகச் சண்டை போட்டுச் செத்துட்டான், அவன் உருவம் வில்லோட இருக்கு. அவன் பின்னாடியே நாய் ஒண்ணு நிக்குது, செதுக்கியிருக்காங்க. அதோட விடல, தனியா எழுத்தும் வெட்டியிருக்காங்க, கோவிவன் என்னும் நாய் இரண்டு கள்ளனைக் கடித்துக் காத்திருந்தவாறுன்னு. நாய்க்குப் பேரு! என் பேரன் தொல்லியல் படிக்கிற பையன் ஒருத்தனோட பைக்ல போனான், நானும் பின்னாடி ஒக்காந்து போனேன், வெயில்ல கல்லைத் தொட்டுப் பாத்தேன். அந்த ஊர்க்காரனும் நம்மள மாதிரி மாடு மேச்சவன், ஊருக்காக அடிச்சுக்கிட்டவன். அவன் தலைவன் செத்த துக்கத்துலயும் நாய் என்ன பண்ணுச்சுன்னு மறக்கல, பேரைச் சேத்து எழுதினான், அப்ப யாராவது எழுந்து "நாய்க்கெல்லாம் கல்லா, பக்கத்து ஊர்க்காரன் சிரிப்பான்"னு சொல்லியிருந்தா இன்னிக்குக் கோவிவன் யாருன்னு நமக்குத் தெரியுமா? விழுப்புரம் பக்கம் அரசலாபுரத்துல சண்டைக்கோழிக்கே கல்லு இருக்கு, கோழிக்கு.

அதை விடுங்க, வர்ற தை மாசம் எருது விடும் விழா. ஓடுற மாட்டுக்கு நம்ம ஊர்ல எத்தனை பிளெக்ஸ் வைக்கிறோம்? மாட்டுக்குப் பேரு, பட்டப் பேரு, எத்தனை செகண்டுல ஓடுச்சுன்னு கணக்கு, செத்துப்போச்சுன்னா மேளம் அடிச்சு ஊர்வலம், கண்ணீர் அஞ்சலி போஸ்டர். போன வருஷம் ஒரு மாட்டுக்குப் போட்ட போஸ்டர்ல கமிட்டி மெம்பர் மூணு பேர் போட்டோ இருந்துது, கைகூப்பி. நான் தப்புன்னு சொல்லல, நானும்தான் மாலை போட்டேன். மாட்டுக்கு அழத் தெரிஞ்ச ஊருக்கு கச்சருக்கு மட்டும் சிரிப்பு எங்கிருந்து வந்துச்சு?

இன்னொருத்தர் சொன்னாராம், நாய்ன்னா கூட வைக்கலாம், பேப்பர்ல வருதுன்னு. உண்மைதான். 2015-ல குப்வாரா பக்கம் ஊடுருவி வந்தவங்களை மோந்து புடிச்சு சண்டையில செத்த மான்சி, அதோட ஹேண்ட்லர் (நாயைக் கூட்டிட்டுப் போற சிப்பாய்) பஷீர் அகமத் வாரும் கூடவே உயிர் விட்டார், அந்த நாய்க்கு மென்ஷன் இன் டிஸ்பாட்சஸ் (போர் அறிக்கையில பேர் குறிப்பிடுற கௌரவம்) குடுத்தாங்க. 2022-ல பாரமுல்லால ஆக்ஸல், அனந்த்நாக்ல ரெண்டு குண்டு வாங்கியும் விடாம புடிச்ச ஜூம், 2023-ல ரஜௌரில ஹேண்ட்லரைக் காப்பாத்தி செத்த கென்ட், இதுங்க எல்லாத்துக்கும் ஆர்மி மாலை வெச்சு மரியாதை பண்ணுச்சு, டிவில பாத்தோம். நாய் சண்டை போடும், கடிக்கும், கேமராவைப் பாக்கும். கச்சர் என்ன பண்ணும்? சுமக்கும். ஏ.டி.யும் அப்படித்தானே, எங்களுக்கு ஒரு படத்துல கூட சீன் கெடையாது. அந்த நாய்ங்களுக்குமே 2015 வரைக்கும் நெலமை என்னன்னு யோசிச்சுப் பாருங்க, தகவல் உரிமைச் சட்டத்துல ஒருத்தர் கேட்டப்பத்தான் வெளிய வந்துச்சு, வேலைக்கு ஆகலன்னா ஊசி போட்டு முடிச்சுடறதுதான் வழக்கம்னு. டெல்லி ஹைகோர்ட் வரைக்கும் போச்சு. அதுக்கப்புறம்தான் ரிடையரான நாயைத் தத்து குடுக்கிறதெல்லாம் பெருசா வந்துச்சு. ஜனங்க கேட்டாங்க, மாறுச்சு. கச்சருக்குக் கேக்க ஆளு கம்மி, வீட்டு சோபால ஒக்கார வெச்சு போட்டோ எடுக்க முடியாதுல்ல.

பொருளாளர் மச்சான் போன்ல சொன்னது, "இப்பத்தான் ரோபோ கச்சர் வந்துடுச்சே, இன்னும் ஏன்யா பழைய கதை"ன்னு. ஆமா, 2025 ஜனவரி ஆர்மி டே பரேடுல புனேல நாலு கால் இரும்பு மெஷின் நடந்து வந்துச்சு, பேரும் மியூல்தான், இங்கிலீஷ்ல கச்சர். ட்ரோன் வருது, மலையில ரோடு வருது, ஏ.டி. கம்பெனிங்களைக் கொறைச்சுக்கிட்டே வர்றாங்க. எனக்கு சந்தோஷம்தான் மச்சான், சத்தியமா, எந்த முனியம்மாவும் இனிமே ஷெல்லுக்குக் கீழ நடக்க வேணாம். ஆனா அதனாலதான் இப்பவே செதுக்கணும்ங்கறேன். இன்னும் இருவது வருஷம் போனா கச்சர்னா என்னன்னு சொல்றதுக்கு நம்ம ஊர்ல ஆள் இருக்காது, ஏ.டி.ல இருந்தது நம்ம ஊர்ல மொத்தம் நாங்க நாலு பேரு, அதுல ஒருத்தர் போன ஆடில போய்ச் சேந்துட்டார், இன்னொருத்தருக்கு ஞாபகம் தப்பிப்போச்சு.

இப்ப நான் கேக்கறதைத் தெளிவா எழுதிடறேன், மீட்டிங்குல தீர்மானமா வைக்கணும், சிரிச்சுட்டுத் தாண்டிப் போகக் கூடாது.

பழைய டிராயிங்ல இருந்தபடி வடக்கு மூலையில கச்சர் உருவம் திரும்ப வரணும், அதே ஒரு அடி, பெருசா வேணாம். சும்மா நிக்கிற மாதிரி வேணாம், முதுகுல சேடிலும் ரெண்டு பக்கமும் ஜெரிக்கேனும் இருக்கணும், இல்லேன்னா ஜனங்க நெஜமாவே துணி மூட்டைன்னு நெனச்சுக்குவாங்க. பக்கத்துல டிரைவர் உருவம் கூட வேணாம், கயிறு மட்டும் தொங்கட்டும். கீழ ஒரே ஒரு வரி, "எங்கள் சுமையைச் சுமந்து திரும்பி வராத கச்சர்களுக்கும்". முனியம்மா பேரைப் போடுங்கன்னு கேக்கல, அது என் ஆசை, அதை நான் என்னோட வெச்சுக்கறேன். வரி மட்டும் வேணும்.

காசு பிரச்சினைன்னு சொன்னவருக்கு. சிற்பி கிட்ட நானே நேத்து ஆம்பூர் போற வழியில எறங்கிப் பேசிட்டேன், பூ டிசைனுக்கும் இதுக்கும் 14,000 ரூபா வித்தியாசம் வருதாம். என் பென்ஷன்ல இருந்து குடுக்கறேன், ரெண்டு தவணையா. உபயம்னு என் பேரைப் போட வேணாம், போட்டா சண்டைக்கு வருவேன்.

ஜூலை 26 திறப்பு விழா அன்னிக்கு மேடையில ரெஜிமென்ட் வாரியா கூப்பிடறப்ப ஏ.டி.யையும் ஒரு தடவை கூப்பிடணும். மிச்சம் இருக்கிற ரெண்டு மூணு பேர் எழுந்து நிப்போம், ஞாபகம் தப்பினவரை நான் கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வரேன், கச்சர்னு சொன்னா அவருக்கு இப்பவும் கண்ணு விரியுது.

கடைசியா ஒண்ணு, இது ஊருக்கு வெளிய போற வேலை. சங்கத்தோட லெட்டர்பேடுல, முன்னாள் படைவீரர் நல ஆபீஸ் வழியா பாதுகாப்பு அமைச்சகத்துக்கு ஒரு மனு அனுப்பணும். ஏ.டி. கம்பெனிங்களைக் கொறைக்கிறப்ப வெளிய வர்ற கச்சருங்க என்ன ஆகுதுங்கறதை வருஷா வருஷம் வெளிப்படையா சொல்லணும், ஒடம்பு நல்லா இருக்கிறதை ஏலத்துல விட்டு செங்கல் சூளைக்குப் போக விடக் கூடாது, சாகற வரைக்கும் தீனியும் நெழலும் குடுக்கிற எடம் வேணும், கேக்கிற பழைய டிரைவருங்களுக்கு நெலம் இருந்தா தத்து குடுக்கலாம். எனக்கு ஒண்ணே கால் ஏக்கர் இருக்கு, போர்வெல் தண்ணி இருக்கு, ஒண்ணை நான் பாத்துக்கறேன்னு அந்த மனுலயே எழுதிக்கங்க. மனுவை நான் எழுதித் தரேன், இங்கிலீஷ்ல டைப் பண்ண பேரன் இருக்கான், கையெழுத்து நீங்க போட்டா போதும்.

வர்ற ஞாயித்துக்கிழமை மீட்டிங்குக்கு வரேன். பழைய டிராயிங்கோட பிரிண்ட் அவுட் எடுத்து வெச்சிருக்கேன். கல்லு இன்னும் அந்தப் பக்கம் வெட்டல, திங்கக்கிழமை காலையில வரைக்கும் காத்திருக்கேன்னு சிற்பி சொல்லியிருக்கார்.

முன்னாள் நாயக், அனிமல் டிரான்ஸ்போர்ட், ஆர்மி சர்வீஸ் கோர்
மேட்டுத் தெரு